நட்சத்திரக் குறி விழாத எண்

எங்கள் பக்கத்து ரத்தப் பரிசோதனை நிலையத்தில், அளவு கூடினாலும் குறைந்தாலும் அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டுக் கொடுப்பார்கள். ரிப்போர்ட் கைக்கு வந்ததும் கண் அதைத்தான் தேடும். நட்சத்திரம் இல்லையென்றால் மடித்துப் பையில் போட்டுவிடுவோம். 2024 மே மாதம், அப்பாவின் மூன்றாவது கீமோவுக்கு முதல் நாள் வந்த ரிப்போர்ட்டில் சிறுநீரகம் வடித்து வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் 1.2 என்று இருந்தது. எதிரில் இயல்பு அளவு 0.7 முதல் 1.3 வரை என்று அச்சிட்டிருந்தார்கள். நட்சத்திரம் இல்லை. நானும் மடித்துப் பையில் போட்டேன்.

நான் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவள். ஒரு பேரேட்டில் போன மாதத்துத் தொகைக்கும் இந்த மாதத்துத் தொகைக்கும் பத்து ரூபாய் இடித்தாலும் காரணம் கேட்காமல் கையெழுத்துப் போட மாட்டேன். அப்பாவின் எண் 0.9இல் தொடங்கி 1.0 ஆகி 1.2 ஆனதை வாரா வாரம் என் கையாலேயே நோட்டில் எழுதினேன். எழுதினேனே தவிர, கேட்கவில்லை.

ராஜகிரி, பண்டாரவாடைப் பக்கத்தில் கொடிக்கால் வேலை செய்து வளர்ந்தவர் அப்பா. கும்பகோணம் வெற்றிலை என்று வெளியூரில் விற்பதில் பாதி எங்கள் பக்கத்து மண்ணில் விளைந்தது என்று அவருக்குப் பெருமை. அந்தப் பெருமையோடு பாக்கும் புகையிலையும் சேர்ந்து நாற்பது வருடம் இடது கன்னத்தில் அடங்கிக் கிடந்தன. அங்கேயேதான் புற்றும் வந்தது. பங்குனியில் அறுவை சிகிச்சை. கழுத்து நெறிகளையும் எடுத்தார்கள். சித்திரையில் கதிர்வீச்சு தொடங்கியது: திங்கள் முதல் வெள்ளி வரை, ஆறு வாரம், 30 தடவை. அதோடு வாரம் ஒரு தடவை சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து. ஒரு சதுர மீட்டர் உடல்பரப்புக்கு 40 மில்லிகிராம் என்று கணக்கு. அப்பாவுக்கு ஒரு தடவைக்கு 65 மில்லிகிராம் வந்தது.

பிளாட்டினம் சேர்ந்த மருந்து என்று டாக்டர் சொன்னபோது அப்பா சிரித்தார். "தங்கத்தைவிட விலை கூட என்பார்களே, அதுவா? அம்மா கழுத்தில் போடாததை என் உடம்பில் போடுகிறார்கள்" என்றார். அது அதே உலோகத்தின் சேர்மம்தான். 1965இல் அமெரிக்காவில் பார்னெட் ரோசன்பெர்க் என்பவர், மின்சாரம் பாய்ச்சினால் பாக்டீரியா என்ன ஆகிறது என்று பார்க்கப் பிளாட்டினத் தகடுகளை வைத்துச் சோதித்தபோது, பாக்டீரியாக்கள் பிளவுபடாமல் நீண்டுகொண்டே போயின. காரணம் மின்சாரம் இல்லை, தகட்டிலிருந்து கரைந்த பிளாட்டினம். அதிலிருந்து வந்த மருந்து 1978இல் அங்கே அனுமதி பெற்றது. இடையில், சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்பதற்காகவே இதைக் கைவிடும் நிலை வந்ததாம். நிறையச் சலைன் ஏற்றிவிட்டுக் கொடுத்தால் தாங்குகிறது என்று 1970களில் கண்டுபிடித்த பிறகுதான் மருந்து பிழைத்தது. ஆக, இந்த மருந்துக்கு உயிர் கொடுத்ததே உப்புத்தண்ணீர். இதை நான் படித்தது, அப்பா படுக்கையில் விழுந்த பிறகு.

மூன்றாவது கீமோ ஒரு வெள்ளிக்கிழமை. அக்னி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்தது. கட்டில் காலியாக வேண்டும் என்று சலைனைக் கொஞ்சம் வேகமாக ஓட்டினார்கள். நானும் பாபநாசம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று ஒன்றும் சொல்லவில்லை. சனிக்கிழமை வாந்தி. மருந்து ஏறிய அன்று அடங்கியிருக்கும் வாந்தி இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் திரும்ப வரும் என்று எங்களுக்குத் தெரியும், மாத்திரையும் கொடுத்திருந்தார்கள். ஆனால் அதற்குள் 15 கதிர்வீச்சு முடிந்து வாயெல்லாம் புண். மோர் எரிந்தது, நீராகாரம் எரிந்தது, வெறும் தண்ணீர் உவர்ப்பதாகச் சொன்னார். ஒரு டம்ளர் நொய்க்கஞ்சியை அரை மணி நேரம் வைத்து விழுங்கினார். ஞாயிற்றுக்கிழமை மாலை சங்கத்தைத் திறந்து, உரமூட்டை நிறுக்கும் மின்தராசில் அவரை ஏற்றி நிறுத்தினேன். 53 கிலோ. ஒன்றரை வாரத்துக்கு முன் அதே தராசில் 56. சிகிச்சை தொடங்கியபோது 58. மூன்று கிலோ சதை ஒன்றரை வாரத்தில் கரையாது, பெரும்பாலும் தண்ணீர்தான் என்று அப்போது தோன்றவில்லை. "சாப்பிடாமல் இளைத்துவிட்டீர்கள் அப்பா" என்றேன்.

திங்கட்கிழமை கதிர்வீச்சு வரிசையில் எழுந்து நின்றவர் அப்படியே சரிந்தார். கிரியாட்டினின் 1.9. மக்னீசியம் 1.1, பொட்டாசியம் 3.1. அன்றைக்கு ரிப்போர்ட் முழுக்க நட்சத்திரம்.

சிறுநீரக டாக்டர் வந்தார். என் நோட்டை வாங்கிப் பார்த்தார். கீமோ நோட்டு என்று மேலே எழுதி, தேதி, எடை, ரத்த அளவு எல்லாம் கோடு போட்டு வைத்திருந்தேன். பேனாவை எடுத்து அதே பக்கத்தில் ஒரு கணக்குப் போட்டார். 140இலிருந்து வயதைக் கழி, எடையால் பெருக்கு, 72ஐக் கிரியாட்டினினால் பெருக்கி, வந்ததைக் கொண்டு வகு. பெண் என்றால் 0.85ஆல் பெருக்கு. காக்ராஃப்ட், கால்ட் என்ற இருவர் 1976இல் வெளியிட்ட சூத்திரம் இது. சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மில்லி ரத்தத்தைச் சுத்தம் செய்கிறது என்பதுதான் விடை. அப்பாவுக்கு வயது 62. முதல் நாள் 58 கிலோ, 0.9; விடை 70. மூன்றாவது கீமோவுக்கு முதல் நாள் 56 கிலோ, 1.2, விடை 51. விழுந்த அன்று 53 கிலோ, 1.9, விடை 30. "எண் வேகமாக ஏறிக்கொண்டிருக்கும்போது இந்தக் கணக்கும் சரியாக வராது, உண்மை நிலை இதைவிட மோசமாகக்கூட இருக்கலாம்" என்றும் சொன்னார்.

நான் 70க்கும் 51க்கும் நடுவில்தான் நின்றுவிட்டேன். நூற்றுக்கு இருபத்தேழு பங்கு போயிருக்கிறது. ரிப்போர்ட்டில் ஒரு குறி இல்லை. கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. அப்பாவைப் போல மெலிந்து, வயதாகி, தசை குறைந்துகொண்டே போகிற ஆளுக்கு அது ஏறுவதே மெதுவாகத்தான் தெரியும். அச்சிட்ட இயல்பு அளவு ஊருக்குப் பொதுவானது. அப்பாவுக்கு உரிய அளவு அவருடைய முதல் ரிப்போர்ட்டில் இருந்த 0.9. அதிலிருந்து எவ்வளவு நகர்ந்தது என்றுதான் பார்த்திருக்க வேண்டும். சிகிச்சை தொடங்கும் யாராவது என்னிடம் கேட்டால், முதல் ரிப்போர்ட்டின் எண்ணை நோட்டின் அட்டையில் பெரிதாக எழுதிவைக்கச் சொல்கிறேன். 0.3 ஏறினால், நட்சத்திரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மருந்து ஏற்றுவதற்கு முன்னால் டாக்டரிடம் நேராகக் கேட்கச் சொல்கிறேன். ஊசி குத்திய பிறகு கேட்டுப் பயனில்லை.

இன்னொரு விஷயமும் எங்களை ஏமாற்றியது. அப்பாவுக்குச் சிறுநீர் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. சிறுநீரகம் கெட்டால் சிறுநீர் நின்றுவிடும், முகம் வீங்கும் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறோம். சிஸ்பிளாட்டின் கெடுப்பது வேறு இடத்தை. ரத்தத்திலிருந்து வடிந்த நீரில் உடம்புக்கு வேண்டிய உப்பையும் தாதுவையும் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் நுண்குழாய்கள் இருக்கின்றனவே, அவற்றின் செல்கள் இந்த மருந்தைத் தாமே இழுத்து உள்ளே சேர்த்துக்கொள்கின்றன. ரத்தத்தில் இருப்பதைப்போல ஐந்து மடங்கு அங்கே சேர்ந்துவிடுகிறது. செல் செத்தால் உறிஞ்ச ஆள் இல்லை. தண்ணீரும் போகிறது, அதோடு மக்னீசியமும் பொட்டாசியமும் போகின்றன. டாக்டர் இதைச் சொல்லி முடித்ததும் படுக்கையிலிருந்து அப்பா, "மடையைத் திறந்தாலும் தண்ணீர் ஓடும், கரை உடைந்தாலும் ஓடும். வாய்க்காலில் தண்ணீர் போகிறதே என்று சும்மா இருந்துவிட்டோம்" என்றார். புண் வாயோடு அவர் அன்று பேசியது அவ்வளவுதான்.

கெண்டைக்கால் இழுத்துக்கொள்கிறது என்று பத்து நாளாக ராத்திரியில் எழுந்து உட்கார்ந்திருந்தார். அம்மா தேங்காய் எண்ணெய் தடவிவிடுவாள். அது மக்னீசியம் இறங்கியதன் அடையாளம். மக்னீசியம் இறங்கினால் பொட்டாசியத்தை எவ்வளவு ஏற்றினாலும் நிற்காது என்பதால், சலைனோடு முதலில் அதைத்தான் ஏற்றினார்கள். மக்னீசியம் குறைவதே சிறுநீரகத்துக்கு இன்னும் கேடாம். கிரியாட்டினின் பார்க்கிற அன்றே மக்னீசியமும் பார்க்க எழுதிக் கொடுங்கள் என்று கேட்டால் எந்த டாக்டரும் கோபித்துக்கொள்வதில்லை. நாங்கள் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இனி அப்பாவின் சுருக்குப்பையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வெற்றிலையை விட்ட பிறகும் அப்பா இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுக்கவில்லை. வெறும் பையாவது இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். மருத்துவமனையில் வேட்டி மாற்றும்போது அம்மா அதை அவிழ்த்துக் கட்டிலில் கொட்டினாள். பழைய பாக்குத்தூள், ஒரு சுண்ணாம்பு டப்பா, பாதி கிழிந்த பஸ் டிக்கெட், ஒரு மாத்திரை அட்டை. பத்தில் ஏழு காலி. டைக்ளோஃபெனாக். கழுத்து நெறி எடுத்ததிலிருந்து அவருக்கு இடது தோள் வலி. கையைத் தூக்கினால் பிடித்துக்கொள்ளும். கடைத்தெருவில் மருந்துக் கடைக்குப் போய்த் தோள்வலி என்றிருக்கிறார், கொடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு கீமோவின்போதும் சிஸ்டர், "வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா ஐயா?" என்று கேட்டதும், அவர் இல்லை என்று தலையாட்டியதும் என் கண் முன்னால்தான்.

"ஏனப்பா சொல்லவில்லை?"

"அது மருந்தா பாப்பா? வலி மாத்திரைதானே."

பொய் சொல்லும் ஆள் இல்லை அவர். நம் ஊரில் மருந்து என்றால் டாக்டர் எழுதிக் கொடுப்பது. வலி மாத்திரை என்பது சோடா, கோலி மிட்டாய் மாதிரி கடையில் வாங்குவது. டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன், அசிக்ளோஃபெனாக் இவையெல்லாம் சிறுநீரகத்துக்குள் ரத்தம் நுழையும் குழாயைச் சுருக்கிவிடும். உடம்பில் தண்ணீர் இருக்கும் ஆளுக்கு ஒன்றிரண்டு தாங்கும். வாந்தி எடுத்து வற்றிக் கிடப்பவருக்கு, அதுவும் சிஸ்பிளாட்டின் ஏறியிருக்கும் வாரத்தில், இருந்த கொஞ்சம் ரத்தத்தையும் தடுத்ததுபோல. அவர் வழக்கமாகப் போடும் ரத்த அழுத்த மாத்திரையும் அதே நேரத்தில் உள்ளே போய்க்கொண்டிருந்தது. வாந்தி எடுக்கும் நாளில் அதை நிறுத்தலாமா என்று போன் செய்தாவது கேட்டிருக்க வேண்டும் என்றார் டாக்டர். சிஸ்பிளாட்டின் பெறுபவர்களில் மூன்றில் ஒருவருக்கு ஏதோ ஓர் அளவில் சிறுநீரகம் பாதிக்கிறது என்கிறார்கள். அப்பா எப்படியும் அந்த மூன்றில் ஒருவராகத்தான் இருந்திருப்பாரா, அந்த ஏழு மாத்திரைதான் தள்ளிவிட்டதா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. ஆனால் சிஸ்டரிடம் கேள்வியை மாற்றிக் கேட்கச் சொன்னேன். "மருந்து சாப்பிடுகிறீர்களா" என்று கேட்காதீர்கள். "வலிக்கு என்ன போடுகிறீர்கள், பையில் என்ன இருக்கிறது, காட்டுங்கள்" என்று கேளுங்கள் என்றேன். அடுத்த கட்டிலில் இருந்த பாட்டியின் மஞ்சள் பையிலிருந்து இரண்டு அட்டை வந்தது.

ஐந்து நாள் படுக்கை. கதிர்வீச்சை மட்டும் நிறுத்தக் கூடாது என்று டாக்டர் பிடிவாதமாக இருந்தார்; சலைன் தொங்கும் கம்பியோடு தினமும் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனோம். கிரியாட்டினின் 1.4க்கு இறங்கி அங்கேயே நின்றது. சிஸ்பிளாட்டின் இனி வேண்டாம் என்று முடிவானது. கார்போபிளாட்டின் என்று இன்னொரு பிளாட்டின மருந்து உண்டு. சிறுநீரகத்துக்கு அவ்வளவு கேடில்லை, ஆனால் ரத்தத் தட்டுகளை இறக்கும், அதன் அளவையே சிறுநீரகம் வடிக்கும் வேகத்தை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். எங்கள் டாக்டர் பிளாட்டினம் சேராத டோசிடாக்சல் என்ற மருந்தைத் தேர்ந்தெடுத்தார். சிஸ்பிளாட்டின் தாங்காதவர்களுக்குக் கதிர்வீச்சோடு அதைக் குறைந்த அளவில் வாராவாரம் கொடுத்தால் பயனுண்டு என்று மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையின் ஆய்வு 2023இல் வந்திருக்கிறது என்றார். சிஸ்பிளாட்டின் நின்றால் சிகிச்சையே போயிற்று என்று அழுதுகொண்டிருந்த அம்மா அதைக் கேட்டுத்தான் சாப்பிட்டாள்.

மூக்கு வழியாக உணவு இறக்கும் குழாய்க்கு அப்பா முதல் வாரமே ஒத்துக்கொண்டிருந்தால் பாதிச் சங்கடம் இருந்திருக்காது. குழாய் போட்டால் கதை முடிந்தது என்று ஊரில் ஒரு பேச்சு, நாங்களும் வற்புறுத்தவில்லை. விழுந்த பிறகுதான் போட்டோம். அதற்கப்புறம் தண்ணீர் ஒரு பிரச்சினையாகவே இல்லை. எங்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளர் 180 மில்லி பிடிக்கிறது என்று மருந்து மூடியால் அளந்து வைத்தேன். நாளைக்குப் பதினான்கு டம்ளர், இரண்டரை லிட்டர். கஞ்சி, பால், உப்புசர்க்கரைக் கரைசல், தண்ணீர் எல்லாம் சேர்த்து. ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு கோடு. இந்தப் பதினான்கு அப்பாவின் இதயத்துக்கும் எடைக்கும் டாக்டர் சொன்னது; இன்னொருவருக்கு அவர் டாக்டர் சொல்ல வேண்டும். எங்களுக்குக் கொடுத்த உப்புசர்க்கரைப் பொட்டலத்தை ஒரு லிட்டரில் முழுதாகக் கரைக்க வேண்டும். ஒரு டம்ளரில் பாதியைக் கொட்டிக் கலக்கிக் கொடுப்பதை இன்றும் பார்க்கிறேன். காலையில் சிறுநீர் கழித்ததும் எடை பார்ப்பேன். இரண்டு நாளில் ஒரு கிலோ இறங்கினால் மருத்துவமனைக்குப் போன்.

அத்தை தினம் இரண்டு இளநீரும், நெருஞ்சில் கஷாயமும் கொண்டுவருவார். கஷாயத்தை அந்த ஆறு வாரமும் வேண்டவே வேண்டாம் என்றார் டாக்டர். இளநீருக்கு அவர் சொன்ன பதில் எனக்குப் பிடித்தது: "இந்த வாரப் பொட்டாசியம் வரட்டும், சொல்கிறேன்." 3.1 இருந்த வாரம் தாராளமாகக் கொடுக்கச் சொன்னார். பிறகு 4.8 வந்தபோது நிறுத்தினார். அத்தைக்கு இது விளங்கவே இல்லை. போன வாரம் அமிர்தமாக இருந்தது இந்த வாரம் எப்படி ஆகாமல் போகும் என்று இன்றைக்கும் கேட்கிறார்.

ஒரு நாள் காய்ச்சல் வந்து பக்கத்துக் கிளினிக்குக்கு ஓடினோம். ஊசியை மருந்துக் குப்பியில் குத்தும் நேரத்தில்தான் சிஸ்பிளாட்டின் பெயரைச் சொன்னேன். அங்கிருந்த டாக்டர் ஊசியை அப்படியே தட்டில் வைத்துவிட்டார். அமிகாசினாம், சிறுநீரகத்தையும் காதையும் அதே மாதிரி தாக்கும் மருந்து. முதலில் ரத்த அணுக்கள் எவ்வளவு என்று பார்க்க வேண்டும், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று அனுப்பிவிட்டார். நல்ல மனிதர், பணம்கூட வாங்கவில்லை. காது என்றதும் நினைவு வருகிறது: கோடையில் குளம் வற்றிக் கிடக்கும்போது மார்கழி மாதத்துச் சில்வண்டுச் சத்தம் கேட்கிறது என்று அப்பா சொன்னதை நாங்கள் கற்பனை என்று நினைத்தோம். அதுவும் சிஸ்பிளாட்டினின் வேலைதான். இன்னும் கொஞ்சம் கேட்டுக்கொண்டிருக்கிறது அவருக்கு.

அந்த வருடம் ஜூன் 12இல் மேட்டூர் திறக்கவில்லை. கதிர்வீச்சு முடிந்து வீட்டுக்கு வந்தவர், குழாய் மூக்கோடு திண்ணையில் உட்கார்ந்து அணை நீர்மட்டத்தைத் தினமும் பேப்பரில் பார்த்தார். ஜூலைக் கடைசியில் தண்ணீர் விட்ட சேதி வந்தபோது குழாயை எடுத்து ஒரு வாரம் ஆகியிருந்தது. கிரியாட்டினின் 1.3. பிறகு 1.2க்கு வந்து அதற்குக் கீழே இறங்க மறுத்துவிட்டது. தோள்வலிக்கு இப்போது பாரசிட்டமாலும் ஒத்தடமும்தான்.

சென்ற தை மாதம் கழுத்துக்கு ஸ்கேன் எடுக்கத் தஞ்சாவூர் போனோம். ஸ்கேனுக்கு ஏற்றும் சாய மருந்தும் சிறுநீரகத்தின் வழியாகத்தான் வெளியேற வேண்டும் என்பதால், முன்கூட்டியே ரத்தம் பார்த்துக்கொண்டு போயிருந்தோம். உள்ளே இருந்த பையன் ரிப்போர்ட்டைப் புரட்டி, "1.2, நார்மல்தான்" என்று படிவத்தில் எழுதப் போனான். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா மேசையில் கையை ஊன்றிக்கொண்டார்.

"தம்பி, அது ஊருக்கு நார்மல். எனக்கு 0.9. அதையும் பக்கத்தில் எழுதிக்கொண்டு டாக்டரிடம் காட்டிவிட்டு வா. நான் உட்கார்ந்திருக்கிறேன்."